மின்சாரமும் இன்னிசையும்

கெடா மாநிலத்துத் தோட்டங்களில் பால்வெட்டிக் களைத்த உழைப்பாளர்க்கு மாலை வேளையில் ஆறுதல் தந்தவை வானொலியும் இசைத்தட்டும் ஆகும். அந்நாளில் பல தோட்டங்களில் சொந்த ஜெனரேட்டரே லயங்களுக்கு மின்சாரம் தந்தது. அதன் ஓட்டம் தளரும்பொழுது விளக்கு மங்கும். இசைத்தட்டின் சுழற்சியும் குறைந்து பாடகரின் குரல் கனத்துவிடும். நல்ல மின்சாரம் இருந்தால்தான் நல்ல இசை என்னும் எண்ணம் அம்மக்கள் உள்ளத்தில் வேரூன்றியதில் வியப்பில்லை.

இன்று அவர்தம் பிள்ளைகள் சுங்கைப்பட்டாணி, கூலிம், அலோர் ஸ்டார் முதலிய நகரங்களில் வாழ்கின்றனர். அவர்களிடம், மின்சாரத்தைத் தூய்மை செய்து இசையைச் சிறப்பிக்கும் என்று சொல்லிப் ‘பவர் கண்டிஷனர்’ என்னும் கருவி விற்கப்படுகின்றது. ஆம்ப்ளிஃபையரின் விலையையே எட்டுவனவும் அவற்றுள் உண்டு. அவ்விலைக்கு ஏற்ற பயன் உண்டா?

மலேசிய வீடுகளுக்கு வரும் மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். 240 வோல்ட்டாக இருந்த நிர்ணய மின்னழுத்தம் 2008-ஆம் ஆண்டு முதல் 230 வோல்ட் ஆயிற்று. இம்மின்சாரம் அப்படியே இசையாக மாறுவதில்லை. ஆம்ப்ளிஃபையரினுள் உள்ள மின்மாற்றி அதன் அழுத்தத்தைக் குறைக்கின்றது. டையோடுகள் அதனை நேர்மின்னோட்டமாக்குகின்றன. மின்தேக்கிகள் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்கின்றன. செம்மையாக அமைந்த கருவி தனக்கு வேண்டிய தூய்மையைத் தானே செய்துகொள்கின்றது. வடிகட்டிய நீரை மீண்டும் வடிகட்டினால் அதன் சுவை கூடுமா?

எனினும், இக்கருவிகள் யாவும் வீண் என்று ஒதுக்குவதும் நேர்மையன்று. மின்கம்பி வழி வரும் இரைச்சல் ஒலிபெருக்கியில் கேட்குமாயின் வடிகட்டி உதவக்கூடும். மின்னழுத்தம் அடிக்கடி தாழுமிடத்தில் ஸ்டெபிலைசர் பயன்படும். மின்னழுத்தம் திடீரென எகிறும்பொழுது தடுப்புக் கருவி காப்பளிக்கும். ஆயினும், இடி மின்னலின்போது பிளக்கைக் கழற்றிவிடுவதே உறுதியான காவல். ஓயாத ‘உம்’ என்னும் முரலொலியோ பெரும்பாலும் கருவிகளின் நில இணைப்பில் நேரும் குறையால் எழுவது. எல்லாக் கருவிகளையும் ஒரே மின்செருகுமுனையிலிருந்து இயக்கினால், செலவின்றியே அது தீர்வதுண்டு.

“பொருத்தியபின் இசை மாறிற்று” என்பாரும் உளர். அவர் பொய்யுரைப்பதாகக் கொள்ள வேண்டா; விலை கொடுத்த உள்ளம் மாற்றத்தை எதிர்பார்த்தே செவிமடுக்கின்றது. ஆகவே, அந்த உணர்வைச் சோதித்தறிதல் வேண்டும். ஒலியளவை மாற்றாது, கேட்பவர் காணாதவாறு, மற்றொருவர் கருவியை எவ்வித ஒழுங்கு வரிசையுமின்றி இணைத்தோ நீக்கியோ 10 முறை கேட்கச் செய்யட்டும். பத்தையும் வெறும் ஊகத்தால் சரியாகச் சொல்ல 1,024-இல் ஒரு வாய்ப்பே உண்டு. சரிபாதிதான் சரியெனில், அங்குப் பேசியது செவியன்று, ஆசையே. பள்ளி மாணவரும் செய்யத்தக்க எளிய சோதனை இது.

சிமெண்டுச் சுவர்களும் வெறுந்தரையும் எதிரொலி எழுப்பும் கூடத்தில் ஒரு கனத்த திரையும் பாயும் தரும் நன்மையை, விலையுயர்ந்த மின்பெட்டி தராது. ஒலிபெருக்கிகளைச் சுவரிலிருந்து சற்றே நகர்த்தி வைக்கக் காசும் வேண்டா.

பால்வாளி சுமந்து பெற்றோர் ஈட்டிய ஒவ்வொரு வெள்ளியிலும் வியர்வை இருந்தது. அவர்தம் வழித்தோன்றல்கள் அதன் அருமையை மறத்தலாகாது. சோதித்துப் பயன் கண்டபின் வாங்குவது அறிவு. விளம்பரத்தை நம்பி வாங்கிவிட்டுப் பயனைத் தேடுவது பேதைமை. இசைக்கு மட்டுமன்று, வாழ்வின் எல்லாத் துறைக்கும் இது பொருந்தும்.