பழி ஓரிடம்

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று நம் ஊர்ப் பாட்டிமார் சொல்வதுண்டு. கம்ப்யூட்டருக்குள் ஓடும் புரோகிராம்களுக்கும் இது பொருந்தும் என்பதைச் சென்ற கோடை விடுமுறையில் கண்டுகொண்டேன்.

நான் பயிற்சிக்குச் சென்ற இடத்தில் ஒரு மெயின்ஃபிரேம் இருந்தது. 1964-ல் ஐ.பி.எம். அறிவித்த சிஸ்டம்/360-இன் வம்சத்தில் வந்தது. வெளியூர்க் கிளைகளின் திரைகளெல்லாம் அதனோடுதான் பேசும். வரும் செய்தியை வாங்கி உரிய புரோகிராமிடம் சேர்ப்பது ஒரு மாட்யூலின் வேலை. அதைக் கடைசியாகத் திருத்தியவன் என்னோடு பயிற்சி பெற்ற நண்பன். இரண்டு மூன்று நாளுக்கொரு முறை அது விழும்; கிளைகள் ஊமையாகிவிடும். விழும்போதெல்லாம் அந்த மாட்யூலின் பெயரும், கூடவே 0சி4 என்ற குறியும் வரும். தொடக்கூடாத நினைவிடத்தைத் தொட்டுவிட்டது என்று அதற்குப் பொருள். பெயர் அச்சாகி வந்த பிறகு விசாரணை எதற்கு? நண்பனை ஊருக்கு அனுப்பிவிடலாம் என்றே மேலிடத்தில் பேச்சு எழுந்தது.

அங்கிருந்த மூத்த பொறியாளர் மட்டும், "டம்ப்பைப் பார்த்தீர்களா, தம்பி?" என்று கேட்டார். டம்ப் என்பது, புரோகிராம் விழுந்த கணத்தில் நினைவகம் எப்படி இருந்ததோ அப்படியே எடுத்துவைத்த நகல். பக்கம் பக்கமாக எண்கள். மூவரும் உட்கார்ந்தோம். விழுந்த இடத்தின் முகவரி 45216. மாட்யூல் தொடங்குவது 45000. கழித்தால் 216. புரோகிராம் பட்டியலில் 216-ஆம் இடத்தில் இருந்த கட்டளை, ஒரு ரிஜிஸ்டரில் உள்ள முகவரிக்குப் போய்த் தகவலை எடுத்துவரச் சொல்கிறது. அந்த ரிஜிஸ்டரில் இருந்ததோ 40404040!

பொறியாளர் சிரித்துவிட்டார். இவ்வகை இயந்திரங்களின் எப்சிடிக் எழுத்துமுறையில் 40 என்றால் வெற்றிடம். முகவரி இருக்கவேண்டிய இடத்தில் நான்கு வெற்றிடங்கள். வீட்டு எண் எழுதிய பலகையின்மேல் யாரோ சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போனதுபோல!

அடித்தவர் யார்? நினைவகத்தில் அந்த முகவரிக்கு முன்வீட்டைப் பார்த்தோம். அங்கே ஒரு செய்தி வரி; அதற்கு ஒதுக்கிய இடம் 76 எழுத்து. அதை எழுதும் பழைய மாட்யூலோ, திரையின் அகலம் 80 என்று கணக்கிட்டு, மிச்சத்தை வெற்றிடத்தால் நிரப்பிக்கொண்டிருந்தது. மிகுந்த நான்கும் அடுத்த வீட்டில் விழுந்தன. ஒருவகை விசாரணை வந்தால்தான் அது ஓடும். ஆகவேதான் தினமும் விபத்தில்லை. அது தன் வேலையை முடித்துக்கொண்டு சௌக்கியமாகப் போய்விடும். பின்னால் வந்த நண்பனின் மாட்யூல் குழியில் விழும்.

ஒதுக்கிய இடத்தை 80 ஆக்கினோம். அதன்பின் நான் அங்கிருந்த மூன்று வாரமும் கிளைகள் பேசிக்கொண்டே இருந்தன. நண்பனும் பயிற்சியை முடித்தான்.

விழுந்தவன் பெயர் உடனே அச்சாகிவிடுகிறது. குழி வெட்டியவன் பெயர் தேடினால்தான் கிடைக்கிறது. நம் சங்கக் கணக்கில் துண்டு விழுந்தாலும் முதலில் பொருளாளரைத்தானே பிடிக்கிறோம்? இனிமேலாவது, அவருக்கு முன்னால் அந்த ஏட்டில் கை வைத்தவர் யார் என்று ஒரு பக்கம் புரட்டிப் பார்ப்போம்.