உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில்

செவ்வாய்க்கிழமை. மேலப்பாளையத்தில் சந்தை நாள். விடியுமுன்பே லோடு ஆட்டோக்கள் வந்து நிற்கின்றன. ஆடுகள் குதித்து இறங்குகின்றன. முதுகைத் தட்டிப் பார்க்கிறார்கள். இடுப்பில் கைபோட்டுத் தூக்கிப் பார்க்கிறார்கள். கட்டம் போட்ட கைலிக்காரர் ஒருவர் ஒரு கிடாயின் தாடையைப் பிடிக்கிறார். கட்டைவிரலால் கீழுதட்டை இழுக்கிறார்.

"ரெண்டு பல்லு."

வயது தெரிந்துவிட்டது. உதடு விடுபடுகிறது. கிடாய் ஒன்றும் நடக்காததுபோல் குழையைத் தின்கிறது.

சந்தையிலிருந்து சில தெரு தள்ளி ஒரு பள்ளிக்கூடம். சுவரில் பலகை. பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக்கூடாது, மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். 2003ஆம் ஆண்டுச் சட்டம். ரோட்டில் அந்த 100 கெஜத்தைக் காட்ட ஒரு மஞ்சள் கோடு. குழாய்க்குத் தோண்டி மூடியதில் பாதிக் கோடு போய்விட்டது. மீதிக் கோட்டை ஆடுகள் தாண்டிப் போகின்றன.

18 வயது நிரம்பாத பிள்ளைக்குப் புகையிலையோ வேறு போதையோ கொடுத்தால் 7 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம். அது சுவரில் இல்லை. இடம் போதவில்லை போலும்.

கோட்டுக்கு அந்தப் பக்கம், நாலே எட்டில், பெட்டிக்கடை. சரம் சரமாக ஷாம்பு, காப்பித்தூள், ஊறுகாய். முன்வரிசையில் பீடிக்கட்டுகள். கட்டின் பெரும்பகுதியை எச்சரிக்கைப் படம் அடைத்திருக்கிறது. கடைக்காரர் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி அடுக்கியிருக்கிறார்.

யூனிபார்மில் ஒருவன் வருகிறான். பெயர் சொல்லிக் கேட்பதில்லை. ஆள்காட்டி விரலால் கீழுதட்டை ஒரு தட்டுத் தட்டுகிறான். கடைக்காரரின் கை சரத்துக்குப் போகவில்லை. கல்லாப்பெட்டிக்குக் கீழே போகிறது. காசு மாறுகிறது. பேச்சே இல்லை.

கூல் லிப். குட்டித் தேயிலைப் பை போல ஒரு வெள்ளைப் பை. நகத்தின் அகலம். உள்ளே புகையிலை, வெளியே புதினா வாசம். பையன் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிகிறான். நிமிரும்போது கீழுதடு கொசு கடித்ததுபோல் லேசாகப் புடைத்திருக்கிறது.

மெல்லும் புகையிலையைத் தமிழ்நாடு 2013 மே மாதம் தடை செய்தது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ். வாயில் வைப்பதால் இது உணவு. பற்ற வைப்பதால் பீடி உணவில்லை. கூல் லிப்பைப் பாதுகாப்பற்ற உணவு என்று நாடு முழுக்க ஏன் அறிவிக்கக் கூடாது என்று 2024இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கேட்டது. கல்லாப்பெட்டிக்குக் கீழே இன்னும் இடம் இருக்கிறது.

மணி அடிக்கிறது. தமிழ்த்தாய் வாழ்த்து. வரிசை வரிசையாக வாய் அசைகிறது. மூன்றாவது வரிசையில் ஒருவனுக்கு மேலுதடு மட்டும் அசைகிறது.

பத்தாம் வகுப்பில் வருகைப் பதிவு. ஒரு பெயருக்குப் பதில் இல்லை. ஆசிரியர் தலை நிமிரவில்லை. பேனா ஒரு கணம் நின்று, நகர்கிறது.

அலுவலக அறைச் சுவரில் ஒரு போட்டோ. 2022 ஆகஸ்ட் 11. மாநிலம் முழுக்க மாணவர்கள் போதைக்கு எதிராக உறுதிமொழி எடுத்த நாள். வெயிலில் கண்ணைச் சுருக்கி எல்லோரும் கை நீட்டியிருக்கிறார்கள். இன்று வராதவன் அதில் முன்வரிசை. அப்போது ஏழாம் வகுப்பு. முழங்கை மடங்காமல், விரல் விறைப்பாக, ஆகச் சரியாக நீட்டியிருப்பவன் அவன்தான்.

*

முடுக்குக்குள் ஒரு வீடு. நடையில் உம்மா சம்மணம் போட்டு இருக்கிறாள். மடியில் சுளகு. பக்கத்தில் ஈரச் சாக்கில் சுற்றிய இலை. தகரத்தை இலைமேல் வைத்துக் கத்தரியால் வெட்டுகிறாள். தூள் ஒரு சிட்டிகை. ஒரு உருட்டு. நூல் இரண்டு சுற்று. நுனியை நகத்தால் உள்ளே மடக்குகிறாள். கண் சுளகில் இல்லை. கடிகாரத்தில் இருக்கிறது.

இலை மத்தியப் பிரதேசத்துக் காடு, ஒடிசாக் காடு என்று எங்கிருந்தோ வருகிறது. தூள் கர்நாடகத்திலிருந்து, குஜராத்திலிருந்து. விரல் மட்டும் இந்தத் தெருவினுடையது. நகக்கண்ணில் பழுப்பு ஏறியிருக்கிறது. ஆயிரம் சுற்றினால்தான் கணக்கு. எட்டு மணிக்கு நானூறில் நிறுத்திச் சுளகை மூடுகிறாள்.

பையன் வாசலில் செருப்போடு நிற்கிறான். அவன் சுளகைத் தொட்டதில்லை. தூள் நாற்றம் அவனுக்கு ஆகாது. அக்கம்பக்கத்தில் இதை உம்மா பெருமையாகச் சொல்லி வந்திருக்கிறாள், போன வாரம் வரை.

போன வாரம் பள்ளியிலிருந்து நாலாக மடித்த ஒரு தாள் வந்தது. அது இப்போது அவள் பர்சில், ஆதார் கார்டுக்குப் பின்னால்.

"காலங்காத்தால எங்க லாத்தா?" எதிர்வீட்டுக் குரல்.

"புள்ளைக்குப் பல்லு வலி. ஐகிரவுண்டுக்கு."

முழுப்பொய்யும் இல்லை.

பஸ்ஸில் உம்மாவுக்குக் காசில்லாத டிக்கெட். பையன் யூனிபார்மில் இல்லை, பாஸும் எடுத்து வரவில்லை. அவனுக்குக் காசு. கண்டக்டர் சில்லறை கேட்கிறார். உம்மா பர்சைத் திறக்கிறாள். தாள் எட்டிப் பார்க்கிறது. உள்ளே தள்ளுகிறாள்.

குலவணிகர்புரம் கேட் சாத்தியிருக்கிறது. பஸ் நிற்கிறது. பின்னால் ஆட்டோ, அதன் பின்னால் பைக்குகள், ஒரு பைக்கில் மடியில் ஆட்டுக்குட்டியோடு ஒருவர். ரயில் வரக் காணோம். இன்ஜின்கள் அணைகின்றன. ஓரத்தில் பஞ்சர் கடை. டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி தேடுகிறார் ஒருவர். குமிழி வருகிறது. துடைக்கிறார். சொலூஷனைப் பிதுக்குகிறார். வாசம் ஜன்னல் வரை வருகிறது. பையன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறான்.

உம்மா அதைப் பார்க்கவில்லை. உதட்டுக்குள் ஏதோ ஓதிக்கொண்டிருக்கிறாள்.

ரயில் போகிறது. நாகர்கோவில் பக்கமாக.

*

பாளையங்கோட்டை ஐகிரவுண்டு. அரசு மருத்துவமனை. ஓ.பி. சீட்டு வாங்கும் வரிசை, அப்புறம் இன்னொரு வரிசை. மனநலப் பிரிவு என்ற பலகைக்குக் கீழே வந்ததும் உம்மா துப்பட்டாவை நெற்றி வரை இழுத்துக்கொள்கிறாள். அதே தெருக்காரர் யாராவது இருக்கிறார்களா என்று ஒரு சுற்றுப் பார்வை. எதிர்ப்பெஞ்சில் இன்னொரு பெண்ணிடமும் அதே சுற்றுப் பார்வை. கண்கள் இடித்துக்கொண்டு விலகுகின்றன.

பெஞ்சில் கை நடுங்குகிற ஒரு பெரியவர். மனைவி பிடித்து வைத்திருக்கும் ஒரு கொத்தனார். காக்கிச் சட்டையில் ஓர் ஆட்டோக்காரர். மகனை நடுவில் உட்காரவைத்து இரண்டு பக்கமும் காவல் இருக்கும் அப்பா, அம்மா. மகன் செல்போனில் பந்து வீசிக்கொண்டிருக்கிறான். சத்தம் அணைத்த கிரிக்கெட்.

சுவரில் எண்கள். 14446, போதை மீட்பு ஆலோசனைக்கு. 10581, விற்பவரைப் பற்றிச் சொல்ல. உம்மா இரண்டையும் படிக்கிறாள். எதையும் குறித்துக்கொள்ளவில்லை. 2025 பிப்ரவரியில் அரசு 25 அரசு மருத்துவமனைகளில் போதை மீட்பு மையங்கள் திறந்தது. 'கலங்கரை' என்று பெயர் வைத்தது. பெயர் தூரத்தில் இருப்பவர்களுக்கானது. பெஞ்சில் இருப்பவர்களுக்கு டோக்கன் எண் போதும்.

முறை வருகிறது. மேசைக்கு அந்தப் பக்கம் ஆலோசகர். கையில் ஒரு படிவம்.

"ஒரு நாளைக்கு எத்தன தம்பி?"

பையன் உம்மாவைப் பார்க்கிறான்.

"ரெண்டு."

ஆலோசகர் 2 என்று எழுதுகிறார். பேனாவை மூடுகிறார்.

"அம்மா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

கதவு சாத்தப்படுகிறது. பேனா திறக்கிறது.

"எத்தன?"

"ஏழு."

இரண்டு அடிபடுகிறது. பக்கத்தில் ஏழு.

"காலைல எந்திச்சு எத்தன நிமிஷத்துல முதல் ஒண்ணு?"

"பல்லு தேச்சதும்."

"நிமிஷம் சொல்லு."

"அஞ்சு."

"தூங்கும்போது?"

"வச்சிட்டே தூங்கிருவேன்."

அடுத்தடுத்த கட்டங்கள். சிகரெட். தலையாட்டல், இல்லை. பாட்டில். இல்லை. கஞ்சா. இல்லை. மாத்திரை. இல்லை. முகர்வது. தலை அசையவில்லை. பேனா காத்திருக்கிறது. மின்விசிறி சுற்றுகிறது.

"ஒரே ஒரு தடவ. பஞ்சர் கடைல வேல பாக்கிற கூட்டாளி குடுத்தான்."

அந்தக் கட்டத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. எய்ம்ஸ் நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2019இல் வெளிவந்தது. மது, கஞ்சா, அபின் என்று எல்லாவற்றிலும் பெரியவர்கள்தான் முன்னால். முகரும் போதையில் மட்டும் பிள்ளைகள் முந்துகிறார்கள். பெரியவர்களில் நூற்றுக்கு 0.58. பிள்ளைகளில் 1.17. இந்தப் படிவத்தில் அது ஒரு டிக்.

டாக்டர் மேசை. அங்கே ஆட்டோக்காரருக்கு மருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நிகோடின் சூயிங்கம்.

"மெல்லுங்க. சுருசுருன்னு வந்ததும் நிறுத்தணும். கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவுல ஒதுக்கி வச்சிரணும். அடங்கினதும் மறுபடி மெல்லணும். அரை மணி நேரம்."

பையனின் முகம் முதன்முறையாகத் தெளிகிறது. தெரிந்த இடம்.

"உனக்கு இது கெடையாது. பதினெட்டு ஆகல," என்கிறார் டாக்டர், திரும்பிப் பார்க்காமல்.

அப்புறம் திரும்புகிறார். கையுறை மாட்டுகிறார். டார்ச் எடுக்கிறார். கட்டைவிரலால் பையனின் கீழுதட்டை இழுக்கிறார். நடுவில், பல்லுக்குக் கீழே, ஒரு வெள்ளைப் படை. ஊறிப்போன விரல் நுனி போலச் சுருக்கம் விழுந்திருக்கிறது. நகத்தின் அகலம்.

உம்மாவைக் கூப்பிட்டுக் காட்டுகிறார்கள். அவள் குனிந்து பார்க்கிறாள். நெடுநேரம் பார்க்கிறாள்.

"விட்டுட்டா சில வாரத்துல மங்கிரும். மங்கலன்னா பல் டாக்டர்ட்டக் காட்டணும். தெனமும் ஒரு தடவ பாருங்கம்மா."

பையனுக்குக் கிடைப்பது ஒரு தாள். பதினான்கு கட்டம். மேலே கையால் எழுதிய நான்கு வரி. தள்ளிப்போடு. மூச்சை இழுத்து விடு. தண்ணி குடி. வேற வேலை பார். அவன் மாத்திரை ஏதும் உண்டா என்று தாளைத் திருப்பிப் பார்க்கிறான். பின்பக்கம் வெள்ளை.

*

அடுத்த செவ்வாய். ஆடுகள் இறங்குகின்றன. பெட்டிக்கடை பூட்டியிருக்கிறது. கதவில் உணவுப் பாதுகாப்புத் துறையின் நோட்டீஸ். பள்ளி வாசலில் மூன்று பேர் அதைப் படிக்கிறார்கள். ஒருவன் தெருமுனையைத் தாடையால் காட்டுகிறான். மூவரும் நடக்கிறார்கள். அங்கேயும் ஒரு கடை. அங்கேயும் சரம் சரமாக ஷாம்பு. விரல் கீழுதட்டைத் தட்டுகிறது. கடைக்காரருக்குப் புரியவில்லை. மறுபடி தட்டுகிறது. புரிகிறது.

பத்தாம் வகுப்பில் எல்லோரும் வந்திருக்கிறார்கள். ஒருவன் தண்ணீர் பாட்டிலோடு மூன்றாவது முறை எழுந்து நிற்கிறான்.

"மறுபடியுமாலே?" என்கிறார் ஆசிரியர்.

சிரிப்பு. அவனும் சிரிக்கிறான். உதடு முழுசாக விரிகிறது.

திங்கட்கிழமை இரவு. முடுக்கு வீடு. டியூப் லைட்டுக்குக் கீழே பதினான்கு கட்டத் தாள், காலண்டர் ஆணியில். பத்து டிக். இரண்டு பெருக்கல் குறி. ஒன்று டிக் போட்டுப் பிறகு பெருக்கலாகத் திருத்தியது. ஒன்று காலி.

பையன் கன்னத்துக்குள் கிராம்பு ஒதுக்கியிருக்கிறான்.

உம்மா சுளகைத் தள்ளி வைத்து எழுகிறாள். வாளித் தண்ணீரில் கை கழுவுகிறாள். சோப்புப் போட்டு ஒரு தடவை. முகர்ந்து பார்க்கிறாள். இன்னொரு தடவை. முகர்கிறாள். நகக்கண்ணைத் தேய்க்கிறாள். மூன்றாவது தடவை. துப்பட்டாவில் துடைக்கிறாள்.

"வா வாப்பா."

அவன் அண்ணாந்து நிற்கிறான். அவள் கட்டைவிரல் கீழுதட்டை இழுக்கிறது. செல்போன் டார்ச். படை இருக்கிறது. போன வாரத்தைவிட மங்கலா, அதே அளவா, வெளிச்சம் சாய்கிறபடி மாறுகிறது. அவன் கண் மோட்டுவளையில்.

"எரியுது உம்மா."

"எங்க?"

"ஒங்க கை."

அவள் விரலை எடுத்துவிடுகிறாள். கையைப் பார்க்கிறாள். வாளிப் பக்கம் போகிறாள்.

சுளகில் இன்னும் இருநூறு பாக்கி.