சுட்ட கத்திரிக்காய் சேர்த்த சுற்றம்



ஊரை விட்டு வந்து படிக்கும் மாணவனுக்குப் பசி இரண்டு. ஒன்று வயிற்றுப் பசி. மற்றொன்று உறவுப் பசி. முன்னதை உணவகம் தீர்க்கும். பின்னதை யார் தீர்ப்பார்?

நான் குடியிருப்பது பீன்யாவில். 1970களில் உருவான இத்தொழிற்பேட்டையில் பகலெல்லாம் இயந்திரங்களே பேசும். தருமபுரியிலிருந்து வந்த நானும், லேத் பட்டறையில் வேலை பார்க்கும் நம்மூர் நண்பர் இருவரும் ஓர் அறையில் வாழ்கிறோம். நான் புறப்பட்ட அன்று அம்மா சொன்ன அறிவுரை ஒன்றுதான்: "பஸ்ஸிலே தமிழ்ல சத்தமாப் பேசாதே கண்ணு." 2016 செப்டம்பரில், காவிரிச் சிக்கலின்போது, தமிழகப் பேருந்துகள் இந்நகரில் கொளுத்தப்பட்டதைத் தொலைக்காட்சியில் கண்டவர் அவர். எளிதில் மறப்பாரா? அண்டை வீட்டாருக்கும் எனக்கும் ஓராண்டுவரை தலையசைப்பு மட்டுமே உறவாயிருந்தது.

ஒரு ஞாயிறு மாலை, வீட்டுக்காரர் இசைவோடு மொட்டைமாடியில் கரியடுப்பு மூட்டினோம். மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு தேங்கும். நிறமும் மணமும் இல்லாத அவ்வளி உயிரையே குடித்துவிடும். ஆகவே திறந்தவெளியே தகும். பெரிய கத்திரிக்காய்களுக்கு எண்ணெய் தடவி, நாலிடத்தில் கத்தியால் குத்தினோம். உள்ளே பிறக்கும் ஆவி வெளியேற வழி வேண்டுமன்றோ? தக்காளி, குடைமிளகாய், வெங்காயம், மக்காச்சோளம் யாவும் கம்பி வலைமீது ஏறின.

வேகவைத்த காய்க்கும் சுட்ட காய்க்கும் சுவையில் ஏன் இத்தனை வேற்றுமை? நீரில் வேகும் காய் நீரின் கொதிநிலையைத் தாண்டுவதில்லை. கடல் மட்டத்தில் அது 100 பாகை; ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரில் 97 பாகையளவே. தணல்மேல் இட்ட காயின் மேற்பரப்போ, ஈரம் உலர்ந்ததும் 140 பாகையையும் கடக்கும். அப்போது சர்க்கரையும் அமினோ அமிலங்களும் கூடிப் புதுப்புது மணங்களைப் படைக்கின்றன. 1912இல் இவ்வினையை விளக்கிய பிரெஞ்சு அறிஞர் மையாரின் பெயராலேயே அது வழங்குகிறது. ஏட்டில் ஒரு வரியாகப் படித்தது அன்று மூக்கின் வழியே நெஞ்சில் இறங்கியது.

மணம் மதிலுக்கு அடங்குமா? அடுத்த மாடியிலிருந்து ஒரு மூதாட்டி எட்டிப் பார்த்தார்.

"ஏனப்பா, சுட்ட பதனேகாயா?"

திகைத்துப் போனேன். 'சுட்ட' என்பது என் தாய் சொல்லும் சொல்லல்லவா!

"ஹௌது அஜ்ஜி, கொத்சு" என்றேன்.

"நாங்கள் கொஜ்ஜு என்போம்" என்று கன்னடத்தில் கூறிச் சிரித்தார். உப்பு இரு மொழியிலும் உப்பே. நம் புளி அங்கே 'ஹுளி'; நம் பால் அங்கே 'ஹாலு'. இத்தனை நெருங்கிய மொழிக்கா நான் அஞ்சியிருந்தேன்!

தோலுரித்த காயை நீரில் கழுவாதே, புகைமணம் போய்விடும் என்று அஜ்ஜி கற்பித்தார். காயைப் பிசைந்து, சுட்ட தக்காளியும் பச்சை மிளகாயும் புளியும் உப்பும் சேர்த்து, கடுகு தாளித்தோம். அவர் ராகி முத்தெ கொண்டுவந்தார். பார்த்தால், எங்கள் ஊர்க் கேழ்வரகுக் களி! இரு வீட்டாரும் ஒரே மாடியில் அமர்ந்து உண்டோம்.

பேருந்தை எரித்ததும் தீ; கத்திரிக்காயைச் சுட்டதும் தீ. ஏந்திய கையும் எண்ணிய எண்ணமுமே வேறு. அன்றிரவு அம்மாவிடம் தொலைபேசியில் எல்லாம் சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "அந்தம்மாவுக்கு நம்மூட்டுப் புளி கொஞ்சம் குடுத்தனுப்பறேன் கண்ணு" என்றார்.

நண்பர்களே! மன்றத்தில் கூடித் தமிழ் வளர்ப்போம், மகிழ்ச்சியே. வாரத்தில் ஒருநாளேனும் அறைக்கதவைத் திறந்து வைத்துச் சமைப்போம். மணம் போய் அழைக்கும், மனிதர் வருவர்.