காமன் பொட்டலில் ஒரு மாசி இரவு

கொழும்பிலிருந்து மலையேறி வரும் புகையிரதப் பாதை பதுளையில் வந்து முடிகின்றது. அதற்குச் சற்று முன்னே தெமோதரையில், பாதை ஒரு வட்டம் வளைந்திறங்கி, நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்தினூடே புகுந்து செல்லும் விந்தையை வாசகர்கள் அறிவர். மாசி மாதத்து மாலையொன்றில் அவ்வழியே நாமும் நம் மாணவர் நால்வரும் பதுளைக்குப் பயணமானோம். நமுனுகுல மலைச் சாரலிலுள்ள ஒரு தோட்டத்தில் அன்றிரவு காமன் கூத்து. அதனைக் கண்டு குறிப்பெடுத்து வருவதே நோக்கம்.

வண்டி சுரங்கத்தைக் கடந்ததும் ஒரு மாணவர் கேட்டார்: "ஐயா, கோயிலில் நம்பிக்கையுள்ளவன் அக்கோயிலையே ஆராய முடியுமா? ஆராய்ந்தால் நம்பிக்கை போய்விடாதா? நம்பினால் ஆராய்ச்சி கெட்டுவிடாதா?"

நல்ல கேள்வி. விடைக்கு நாம் வெகுதூரம் சென்றோம். அமெரிக்காவில் ஊட்டா மாநிலத்தில் மோர்மன் என்னும் கிறிஸ்தவப் பிரிவினர் பெருந்தொகையாய் வாழ்கின்றனர். சால்ட் லேக் நகரிலுள்ள அவர்களது கோயில், 1853 இல் தொடங்கி 1893 இல் நிறைவெய்தியது. வாரந்தோறும் எல்லோரும் கூடும் வழிபாட்டு மண்டபம் வேறு, கோயில் வேறு. கோயிலுள் தகுதி பெற்ற அடியாரே புகலாம். உள்ளே நிகழும் சடங்கின் புனிதமான பகுதிகளை அவர்கள் வெளியே பேசுவதில்லை. அச்சமயத்தைச் சேர்ந்த ஹியூ நிப்லி (1910–2005) என்னும் பேராசிரியர், பண்டை எகிப்து முதலிய நாடுகளின் கோயிற் சடங்குகளைத் தம்மவர் சடங்குகளோடு ஒப்பிட்டு ஆராய்வதில் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். உள்ளிருப்பவருக்கே தெரியும் நுட்பங்கள் அவர் கண்ணுக்குப் பட்டன என்றனர் ஒரு சாரார். ஒற்றுமைகளை மட்டும் பொறுக்கி, வேற்றுமைகளை விட்டுவிட்டார் என்றனர் மறுசாரார்.

"இரண்டும் நமக்குப் பாடம். நம் வீட்டுச் சடங்கை நாமே எழுதலாம். ஆனால் கண்டதை எழுதவேண்டுமேயன்றிக் காண விரும்பியதை எழுதலாகாது" என்றோம்.

பதுளை நகரில் முதியங்கனை விகாரையையும், நகர் நடுவேயுள்ள கதிர்காமத் தேவாலயத்தையும் வணங்கினோம். புகழ்பெற்ற கதிர்காமமும் இந்த ஊவா மாகாணத்ததே. மொனராகலை மாவட்டத்தில் உள்ளது. அங்கே கருவறையில் மூர்த்தியைக் காண முடியாது, காண்பது திரையொன்றையே. கப்புறாளை என்னும் பூசகர் வாயை வெண்துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்வார். ஆடி விழாவில் யானைமேல் எழுந்தருளுவதும் மூடிய பேழையே. சேர் பொன்னம்பலம் அருணாசலம் கதிர்காம வழிபாட்டைப் பற்றி எழுதிய ஆங்கிலக் கட்டுரை, அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் 1924 இல் வெளிவந்தது. பதுளைக்குப் புகையிரதம் வந்ததும் அதே ஆண்டில்தான். முருகனை வழிபட்டவர் ஒருவரே முருக வழிபாட்டை உலக அறிஞருக்கு எடுத்துரைத்தார். நம் மாணவரின் கேள்விக்கு நம் நாட்டிலேயே கிடைக்கும் விடை இது.

கதிர்காமத்தை எழுத அறிஞர் பலர் வந்தனர். தோட்டத்துக் காமன் பொட்டலை எழுத வந்தவர் மிகச் சிலரே.

பசறை வீதியில் இறங்கித் தேயிலைச் சரிவில் நடந்து லயத்தை அடைந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. தப்பொலி மலைகளில் மோதி எதிரொலித்தது. மாசி அமாவாசைக்குப் பின் மூன்றாம் பிறையில் காமன் கம்பம் ஊன்றி, நாடோறும் ஆடிப்பாடி, இறுதி இரவில் காமதகனம் நிகழ்த்துவர். சிவனார் தவத்தைக் கலைக்கச் சென்ற மன்மதன் எரிந்து சாம்பராவதே கதை. ரதியாக ஆடுபவரும் ஓர் ஆண்மகனே. விரதமிருந்து வேடமிட்ட அவர், பகலில் கவ்வாத்து வெட்டும் தொழிலாளி என்றால் நம்பமாட்டீர்கள். எமனும் வீரபத்திரனும் வந்து போயினர். விடியும் வேளையில் கம்பத்துக்குத் தீ வைத்ததும், அந்த ரதியின் ஒப்பாரி கேட்டுத் தாய்மார் விம்மினர். கடல் கடந்து வந்து, கோப்பிக்கும் தேயிலைக்கும் உழைத்து, தோட்டத்து மண்ணிலேயே அடங்கிப்போன தம் முன்னோரையும் எண்ணித்தான் அவர்கள் அழுதனரோ என்று நமக்குத் தோன்றிற்று.

கூத்தை நடத்திய வாத்தியார் எழுபது வயதைத் தாண்டியவர். தேநீர் தந்து உபசரித்துவிட்டுத் தம் கதையைச் சொன்னார்.

"எனக்குச் சொல்லிக்கொடுத்த பெரியப்பா சாஸ்திரி ஒப்பந்தத்தில இந்தியாவுக்குப் போயிட்டாருங்க. போகும்போது பாட்டுக் கொப்பியையும் கொண்டுபோயிட்டாரு. எனக்கு மனசில நின்னதுதான் மிச்சம்."

1964 இல் கையெழுத்தான அவ்வொப்பந்தப்படி 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் முடிவாயிற்று. ஆட்களை எண்ணினார்கள், அவர்களோடு சென்ற பாட்டுகளை எவர் எண்ணினார்? தோட்டத்து நாட்டார் பாடல்களைத் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் இல்லையேல், இன்று கையிலிருப்பதும் இராது.

"தாத்தா, நீங்கள் சொல்லுங்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம்" என்றனர் மாணவர்.

பெரியவர் மகிழ்ந்தார். ரதி புலம்பல், தூது, திருமணம் என ஒவ்வொன்றாய்ப் பாடினார். நான்கு பென்சில்களும் ஓயாது ஓடின. கம்பம் ஊன்றும் இடம் வந்ததும் பெரியவர் நிறுத்தினார்.

"இந்த இடத்தில ஒரு வாக்கு இருக்குங்க. அதைக் கம்பத்துக்கிட்டதான் சொல்லணும். ஏட்டுல எழுதக்கூடாது. ஐயா கோவிச்சுக்கக் கூடாது."

ஒரு மாணவர் நம் முகத்தைப் பார்த்தார். கைபேசியில் ஒலிப்பதிவு செய்துகொள்ளலாமே என்ற எண்ணம் அவர் கண்ணில் ஓடியது. நாம் தலையசைத்து மறுத்தோம். "அவ்விடத்தில் ஒரு வரி வெற்றாக விட்டுவிடு தம்பி" என்றோம்.

பிறகு பெரியவரிடம் கேட்டோம்: "உங்களுக்குப் பின் அந்த வாக்கை யார் சொல்வார்?"

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "மகன் கொழும்பில கடையில நிக்கிறான். பேரன் மட்டும் ராத்திரி முழுக்க முழிச்சிருந்தான், பார்த்தீங்களா?" என்றார். தப்புக்கருகே சாம்பல் படிந்த காலோடு ஒரு சிறுவன் உறங்கிக்கொண்டிருந்தான்.

திரும்பும் வழியில் அக்குறிப்பேட்டைப் புரட்டினோம். நாற்பது பக்கம் நிறைந்திருந்தது. ஒரு வரி மட்டும் வெறுமையாயிருந்தது. அவ்வெற்றிடம் நம் ஆராய்ச்சிக்குக் குறையன்று. கதிர்காமத்தில் தொங்கும் திரையைப் போல, அதற்கும் ஓர் அர்த்தமுண்டு. எழுதக்கூடியதை உடனே எழுதிவைப்பது கற்றவர் கடமை. எழுதலாகாததைக் கையளிக்க ஒரு பிள்ளை ஊரில் இருப்பானா என்பதே நம்மைத் துயில விடாத கேள்வி.

மாணவச் செல்வங்களே! உங்கள் பாட்டனும் பாட்டியும் அறிந்த கோயிற் பாட்டு, பொங்கல் முறை, காப்புக் கட்டும் முறை ஏதேனும் உண்டாயின், இந்த ஞாயிற்றுக்கிழமையே அருகில் அமர்ந்து கேளுங்கள். முதலில் செவிமடுங்கள், அவர்கள் இசைந்தபின் எழுதுங்கள்.