முற்றத்து றோசா

எங்கள் முற்றத்து றோசாவின் இலைகளிற் கரும்புள்ளிகள் தோன்றின. இலைகள் மஞ்சளித்து உதிர்ந்தன. தாகமென்றெண்ணி மாலைதோறும் இலை நனைய நீர் தெளித்தேன். நோய் பெருகிற்று. இரவெல்லாம் காயாத அந்த ஈரத்திலேதான் பங்கசின் வித்திகள் முளைக்கின்றன என்பதைப் பின்னரே அறிந்தேன். இப்பொழுது சருகுகளைப் பொறுக்கி எரிக்கிறேன். நெருங்கிய கிளைகளை வெட்டிக் காற்றுக்கு வழிவிடுகிறேன். காலையில் வேரடிக்கே நீர் வார்க்கிறேன். புதுத்தளிர்கள் மாசின்றி இருக்கின்றன.

1869இல் இலங்கைக் கோப்பியிற் கண்ட துருநோயும் ஒரு பங்கசே. மலையெங்கும் ஒரே பயிர், நோய்க்குத் தடையேது? கோப்பி அழிந்தது, துரைமார் தேயிலை நட்டனர். பயிர் மாறிற்று. தொழிலாளரின் லயன் அறைகளோ இன்றும் நிற்கின்றன. நோயை வளர்க்கும் ஈரம் எதுவென்று காணாமல் மருந்து தேடுவதிற் பயனென்ன?