மெலூஹாவின் தீட்டு

மாட்டுங்கா தமிழர்களுக்கு ஃபைவ் கார்டன்ஸ் காலை நடைக்கான இடம். அதை ஒட்டியே தாதர் பார்சி காலனி. அங்குள்ள அகியாரிக்குள் பார்சிகளைத் தவிர யாருக்கும் அனுமதியில்லை. சங்கர மடமும் ஆஸ்திக சமாஜமும் இருக்கும் அதே வட்டாரம்தான். ஆனாலும் அந்த நெருப்பின் முன் நடப்பது அக்கம்பக்கத்தாருக்கு இன்றுவரை கேள்விப்பட்ட சங்கதி மட்டுமே.

அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பதைக் கற்பனை உலகம் கட்ட எடுத்துக்கொண்டவர் மும்பையின் அமிஷ் திரிபாதி. காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தபடியே எழுதி, 2010-ல் அவர் வெளியிட்ட 'மெலூஹாவின் அமரர்கள்' சிவனைத் திபெத்திலிருந்து வரும் ஒரு மனிதனாக்கியது. சுமேரியர்கள் சிந்துவெளியைக் குறித்ததாகக் கருதப்படும் பெயர் மெலூஹா. 2013-ல் முடிந்த மூன்றாம் பாகத்திலோ கதை பாரசீகத்தை ஒத்த பரிஹாவுக்குப் போகிறது. அங்கே தலைவரின் பட்டம் மித்ரா. ஆலோசனைச் சபை அமர்த்ய ஷ்பந்த். ஜொராஸ்ட்ரிய மதத்தின் அமேஷ ஸ்பெந்தர்கள்தான் சபையாகியிருக்கிறார்கள்.

இது வெறும் பெயர் கடன் அல்ல. வேதத்தின் சோமமும் அவெஸ்தாவின் ஹவோமமும் ஒரே சொல். அங்கே அஹுரா நல்லவர், தேவர்கள் கெட்டவர்கள்; இங்கே தலைகீழ். ஒரு தரப்பின் கடவுள் இன்னொரு தரப்பின் அரக்கன் என்ற அந்த உண்மையை அச்சாக வைத்தே அமிஷின் உலகம் சுழல்கிறது. நாத்திகராக இருந்தவரை எழுத எழுத ஆத்திகராக்கிய கதை இது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

இடறும் இடம் வேறு. மெலூஹாவில் 'விகர்மா' என்றொரு பிரிவு. முற்பிறவிப் பாவத்தால் துன்பப்படுபவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள். தொட்டால் தீட்டு; தொட்டவர் சுத்திகரணம் செய்தாக வேண்டும். நாயகி சதியே ஒரு விகர்மா. சிவன் தலையிட, சட்டம் ரத்தாகிறது. அத்தோடு சரி. இளவரசிக்கு நேர்ந்ததால் இவ்வளவு சுலபமோ என்னவோ.

மாட்டுங்காவிலிருந்து சயான் பக்கம் சிறிது தூரம் போனால் தாராவி. திருநெல்வேலியிலிருந்து வந்து குடியேறிய பலருக்குத் தீட்டு என்பது ஊரிலிருந்து கூடவே வந்த விஷயம். இங்கே அது ஆணையால் கலையாது. பா. ரஞ்சித்தின் 'காலா' (2018) எடுத்துக்கொண்டதும் மதக் கதையைத்தான். ஆனால் பக்கம் மாறி நின்று. வில்லனின் பெயர் ஹரி. அவர் வீட்டில் ராமாயணம் வாசிக்கப்படும்போது தாராவி எரிகிறது. காலாவின் மேஜையில் இருப்பது 1948-ல் தடை செய்யப்பட்டு 1971 வரை தடையிலிருந்த புலவர் குழந்தையின் 'இராவண காவியம்'. காலாவின் வீட்டுக்கு வரும் ஹரி, கொடுத்த தண்ணீரைக் குடிப்பதில்லை. விளக்கம் எதுவும் தேவைப்படாத காட்சி. மெலூஹாவின் சுத்திகரணம் பல பக்கங்களில் சொல்வதை ஒரு டம்ளர் சொல்லிவிடுகிறது.

படத்தில் பார்த்த தாராவியின் பெரும்பகுதி, சென்னையில் போட்ட செட்.