‘மெதுவா போ’ என்று எழுதிய டேங்க்

மதுரையில் ஓர் இளைஞரின் ஆர்.எக்ஸ் 100 பைக் டேங்கில் ‘மெதுவா போ’ என்று எழுதியிருக்கும். கறுப்பு டேங்க், வெள்ளை எழுத்து. சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர்கள் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். அது அவருடைய அப்பாவின் கையெழுத்து என்பது அவர்களுக்குத் தெரியாது.

மகன் காலேஜுக்கு வண்டியை எடுக்க ஆரம்பித்த புதிதில், ஆர்.சி புக் உறைக்குள் அப்பா மடித்து வைத்த துண்டுச் சீட்டு அது. அப்பா இறந்த பிறகு வண்டியைப் புதுப்பித்தபோது, அந்தச் சீட்டைப் பட்டறைக்குக் கொண்டுபோய் எழுத்தை அப்படியே டேங்கில் வரையச் சொன்னார் மகன். ‘மெ’யின் கொம்பு கொஞ்சம் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வுகூட மாறாமல் வந்தது. அம்மா டேங்கைத் தொட்டுப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

மூன்றே மாதத்தில், பெட்ரோல் மூடிக்குக் கீழே பெயின்ட் சுருங்கியது. காய்ச்சிய பால் ஆறும்போது ஆடை படிந்து சுருங்குமே, அப்படி. நகம் பட்ட இடத்தில் உரிந்தது. சாய்ந்த கொம்பில் பாதி போய்விட்டது.

பங்க்கில் சிந்திய பெட்ரோல்தான் காரணம். ஆனால், எல்லா பைக்கிலும்தான் பெட்ரோல் சிந்துகிறது. கம்பெனி பெயின்ட் பல வருஷம் தாங்கும்போது, ஆசைப்பட்டு வரைந்த டேங்க் மட்டும் ஏன் இப்படி ஆகிறது?

இரண்டாவதாகப் போன பட்டறையில் ஒரு வயதான பெயின்டர் அதற்கு ஒரே நிமிடத்தில் பதில் காட்டினார். பஞ்சில் தின்னரைத் தொட்டு, சீட்டுக்கு அடியில் மறைந்திருக்கும் டேங்க் ஓரத்தில் தேய்த்தார். பஞ்சு கறுத்துவிட்டது. “பாத்தீங்களா தம்பி, இது என்.சி. மேல பளபளப்புக்கு ஒரு லேக்கர் அடிச்சிருக்காங்க. அன்னிக்குப் பாக்க ஜோரா இருக்கும்.”

என்.சி பெயின்டில் இருக்கும் தின்னர் ஆவியாகிப் போவதால் அது காய்கிறது. அவ்வளவுதான். மறுபடி ஒரு கரைப்பான் பட்டால் மறுபடி இளகும். பெட்ரோல் தின்னர் அளவுக்கு வேகமானது அல்ல. ஆனால், வாரா வாரம் அதே இடத்தில் சொட்டினால் போதும். பி.யூ என்று பெயின்டர்கள் சொல்லும் இரண்டு டப்பா பெயின்ட் வேறு ரகம். அதில் ஹார்டனர் கலந்ததும் ரசாயன மாற்றம் நடந்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. அப்படி இறுகிய பிறகு பெட்ரோல் அதைக் கரைக்காது. அடிக்கலர் எதுவாக இருந்தாலும், மேலே அடிக்கும் க்ளியர் கோட் இந்த ரகமாக இருக்க வேண்டும். டேங்கில் படம் வரையச் சொல்பவர்கள் கலரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறார்கள். ‘க்ளியரில் ஹார்டனர் கலப்பீர்களா’ என்று கேட்பவர்கள் குறைவு.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஸ்ப்ரே செய்யும்போது அதைச் சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம். முகத்தில் கட்டிய கர்ச்சீப் அதைத் தடுக்காது. நம்மூர்ப் பட்டறைகளில் பெரும்பாலும் பார்ப்பது கர்ச்சீப்பைத்தான். முறையான மாஸ்க் போட்டு வேலை செய்பவர் கொஞ்சம் அதிகமாகக் கேட்டால், பேரம் பேசாமல் கொடுத்துவிடலாம்.

பழைய பெயின்ட்டை முழுக்கச் சுரண்டித்தான் ஆக வேண்டும் என்றார் பெயின்டர். எழுத்தை மறுபடி வரைய அந்தச் சீட்டு வேண்டும். அதுதான் கஷ்டமாகிவிட்டது. முதல் தடவை பட்டறைக்குப் போய் வந்ததில் சீட்டு மடிப்பில் கிழிந்திருந்தது. அம்மா பீரோவைத் திறக்கவே இல்லை. “போட்டோ எடுத்துக்கோ. அது இங்கயே இருக்கட்டும்” என்றார். செல்போனில் எடுத்த படத்தைப் பெரிதாக பிரின்ட் போட்டு, டிரேசிங் பேப்பரில் பதித்து வரைந்தார்கள்.

இந்த முறை டேங்க் வாய்க்குத்தான் அதிக நேரம் பிடித்தது. பெட்ரோல் பெரும்பாலும் மேலிருந்து பெயின்ட்டைத் துளைப்பதில்லை. வாய் விளிம்பில் பெயின்ட் முடியும் இடத்தில் அடியில் புகுந்து தூக்கிவிடுகிறது. டேப் ஒட்டி நறுக்கென்று வெட்டிய விளிம்பு, பெட்ரோலுக்குத் திறந்த கதவு. அதனால் க்ளியரை விளிம்பைத் தாண்டி உள்பக்கம் வரை இறக்கி அடித்தார் பெயின்டர். “பத்து நாள் பெட்ரோல் ஊத்தாதீங்க. ஒரு மாசத்துக்கு பாலிஷ் பக்கம் போகாதீங்க” என்றும் சொல்லி அனுப்பினார். தொட்டால் ஒட்டாது என்பதற்காக உள்ளுக்குள் இறுகிவிட்டது என்று அர்த்தமில்லை.

பாலிஷ் காப்பாற்றும் என்று நம்பிப் பலர் தேய்த்துக்கொண்டே இருக்கிறார்கள். சாதாரண மெழுகு பாலிஷ் பெட்ரோல் பட்டால் அதுவே கரைந்துவிடும். அதிலும் சிலிக்கான் கலந்த பாலிஷ் என்றால், பின்னாளில் பெயின்ட் அடிக்கும்போது கண் கண்ணாக விலகி நிற்கும். ரெக்சின் டேங்க் கவரும் இதற்கு உதவாது. அடியில் சிக்கிய தூசி உரசும், சிந்திய பெட்ரோலையும் உலரவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும்.

‘ஃபுல் பண்ணுங்க’ என்பதை விட்டாலே பாதிப் பிரச்னை தீரும். பங்க்கில் பெட்ரோல் பூமிக்கடியில் இருக்கும் தொட்டியிலிருந்து வருகிறது. மதுரை வெயிலில் கறுப்பு டேங்க் எவ்வளவு சுடும் என்று சொல்ல வேண்டியதில்லை. 10 லிட்டர் பெட்ரோல் 20 டிகிரி சூடேறினால், கிட்டத்தட்ட 200 மில்லி விரிவடையும். ஒரு டம்ளர்! கழுத்து வரை நிரப்பிவிட்டு வெயிலில் நிறுத்தினால், அந்த ஒரு டம்ளர் மூடி வழியாகத்தான் வெளியே வரும். அந்த இளைஞர் இப்போது 6 லிட்டருக்கு மேல் போடுவதில்லை. பெட்ரோல் பைப்பை எடுக்கும்போது கடைசிச் சொட்டு விழும் இடத்தில் கையில் ஒரு பழைய பனியன் துணியைப் பிடித்துக்கொள்கிறார். பங்க் ஊழியர் முறைத்தால் முறைக்கட்டும்.

அப்படியும் சிந்திவிட்டால் தேய்க்கக் கூடாது. தூசியோடு சேர்த்துத் தேய்த்தால் கீறல் விழும். மெத்தென்ற துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். வீட்டுக்கு வந்து இன்ஜின் ஆறிய பிறகு, ஷாம்பு கலந்த தண்ணீரில் கழுவினால் மஞ்சள் கறை தங்காது.

மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் இத்தனையும் வீண். வண்டி மேட்டில் ஏறும்போதெல்லாம் கசியும். பழைய வண்டிகளுக்கு இதில் கவலை கூடுதல். இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவிகிதம் எத்தனால். அதைக் கருதாமல் செய்த பழைய ரப்பர்கள் உப்பியோ, வெடித்தோ போகலாம். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். வண்டி நீண்ட காலம் ஓடாமல் நின்றால், தண்ணீர் பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கித் துரு பிடிக்க வைக்கலாம். அடிப்பக்க மடிப்பில் பெயின்ட் கொப்புளித்தால், கோளாறு வெளியே இல்லை, தகரத்துக்கு உள்ளே. மேலே பூசி மறைத்துப் பயனில்லை. பெட்ரோல் ஆவி மிச்சமிருக்கும் டேங்க்கில் வெல்டிங் வைத்தால் வெடிக்கும். அந்த வேலை தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கழுவும்போது அந்த இளைஞர் டேங்க்கின் அடி மடிப்பை விரலால் தடவிப் பார்க்கிறார். இதுவரை வழவழவென்றுதான் இருக்கிறது.